அண்ணன் பெயரில் இருந்த ஸ்கோர்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரம் மூன்றாவது எந்திரம் அவளுடையது. சட்டையின் முன்பக்கத்தில் பட்டன் நுழையும் துளை போடுவது வேலை. அந்தத் துளைக்குக் காஜா என்று பெயர். இருபத்தெட்டு வருடங்கள் அதையே செய்ததில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. மற்ற எல்லோருக்கும் அவள் காஜாக்கா. புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் ஒலிபெருக்கியில் 'மிசஸ் காஜா, ஆபீசுக்கு வரவும்' என்று கூப்பிட, மாடியே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

அந்த எந்திரத்தில் துணியை வைத்து மிதியை அழுத்தினால் ஊசி ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி நூலால் கட்டும். கடைசியில் சின்னக் கத்தி ஒன்று 'டக்' என்று விழுந்து நடுவில் கீறும். கத்தி விழுவதற்கு ஒரு கணம் முன்னால் துணியை இழுத்தால் சட்டை பாழ். ஒரு கணம் பின்னால் இழுத்தால் அடுத்த சட்டைக்கு நேரம் போகும். காஜாக்கா எந்திரத்தைப் பார்க்கவே மாட்டாள். கத்தி விழும் சத்தமும் அவள் கை நகர்வதும் ஒன்றாகவே நடக்கும். புதிதாகச் சேருகிற பெண்களை மேற்பார்வையாளர் அவள் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, "கைய மட்டும் பாருங்க" என்பார்.

அந்தக் கை எங்கே பழகியது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். சொன்னால் அண்ணனுக்கு மானக்கேடு என்பது இன்னொன்று.

அவள் அப்பா கப்பலில் சமையல்காரர். பத்து மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது வந்தவர், மகனுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டியும் மகளுக்கு ஒரு பென்சில் டப்பாவும் கொண்டுவந்தார். பென்சில் டப்பாவில் காந்த மூடி இருந்தது. மூன்று நாள் திறந்து திறந்து மூடினாள். அப்புறம் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டியோடு ஒரே ஒரு கேசட்தான் வந்திருந்தது. விளக்கு கட்டிய தொப்பியோடு ஒரு குள்ளன் சுரங்கத்துக்குள் ஓடுவான். மேலிருந்து பாறை விழும், கீழே குழி வரும், இரும்பு வண்டி குறுக்கே வரும். விளிம்பில் கால் விரல் தொட்டபிறகுதான் தாவ வேண்டும். முன்னாலேயே தாவினால் குழியில் விழுவான். இரண்டு ரிமோட். முதல் ரிமோட் அண்ணனுக்கு. அதில் சிவப்புச் சட்டைக் குள்ளன் வருவான். அவன் செத்தால் அவள் முறை, பச்சைச் சட்டைக் குள்ளன். சிவப்புச் சட்டைக்காரன் சீக்கிரம் செத்துக்கொண்டே இருந்ததால் பச்சைச் சட்டைக்காரனுக்கு நிறைய நேரம் கிடைத்தது. முதலில் ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் அவளைச் சேர்த்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் அவள் ஆட அவன் உட்கார்ந்து பார்க்கும்படி ஆனது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பந்து விளையாட வெளியே போக ஆரம்பித்தான்.

அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆடுவாள். முதல் ரிமோட்டில், சிவப்புச் சட்டையில். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டிலேயே செய்கிற காகிதப்பை வேலையைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் சாகலயா அவன்?" என்று கேட்பாள். "சாகமாட்டான்மா" என்பாள் இவள்.

அடுத்த வருடம் கடைத்தெருவில் இருந்த பெரிய டிவி கடைக்காரர் ஒரு போட்டி வைத்தார். அந்தச் சுரங்க விளையாட்டில் யார் அதிகம் ஸ்கோர் எடுக்கிறார்களோ அவருக்குப் பரிசு. வீட்டிலேயே ஆடி, ஸ்கோர் தெரிகிற டிவித் திரையைப் போட்டோ எடுத்து, பின்னால் பெயரும் விலாசமும் எழுதிக் கடையில் கொடுக்க வேண்டும். அண்ணன் ஒரு நண்பனிடம் கேமரா இரவல் வாங்கி வந்தான். சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலையெல்லாம் சாத்தி, திரைமேல் வெளிச்சம் விழாமல் போர்வை கட்டினான். அவள் இரண்டே கால் மணி நேரம் ஆடினாள். கட்டைவிரல் தோல் உரிந்தது. மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரத்து இருநூறில் கடைசிக் குள்ளன் செத்தான். "அசையாத, அப்படியே இரு" என்று சொல்லி அண்ணன் படம் எடுத்தான்.

போட்டோவின் பின்னால் அண்ணன் பெயர் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"என் பேரு போடலயா?"

"யாரு பேரா இருந்தா என்ன, பரிசு நம்ம வீட்டுக்குத்தானே வரும்" என்றான்.

அதுவும் சரிதான் என்று அப்போது அவளுக்குப் பட்டது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு 'நம்ம வீடு' என்ற சொல் பெரிய சொல்.

பரிசாக நாலு கேசட் வந்தது. அதோடு நிற்கவில்லை. கடைக்காரருக்கு அண்ணனைப் பிடித்துப்போனது. விளையாட்டு தெரிந்த பையன் கடையில் நின்றால் வியாபாரம் நடக்கும் என்று வேலைக்கு வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு விளையாட வரவில்லையே தவிர, பேச வரும். நன்றாகவே விற்றான். ஏழு வருடத்தில் கடைக்காரரின் ஒரே மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாண வரவேற்பில் மாமனார் மைக்கைப் பிடித்து, "இந்தப் பையன் மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம் எடுத்தவன்" என்று சொன்னபோது கைதட்டல் கேட்டது. தங்கையும் தட்டினாள். அப்போது அவள் தொழிற்சாலையில் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவள் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பா கப்பலிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். வீட்டில் யாராவது ஒருவர் உடனே சம்பாதிக்க வேண்டியிருந்தது. அண்ணன் சம்பளம் அண்ணன் நிமிர்வதற்கே சரியாக இருந்தது. அவள் படிப்பை நிறுத்தினாள்.

மாமனார் காலமான பிறகு கடை அண்ணனுடையது ஆயிற்று. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தான். யார் வந்து கேட்டாலும் அதன் கதையைச் சொல்வான். வருடம் ஆக ஆகக் கதை வளர்ந்தது. இரண்டே கால் மணி நேரம் நாலு மணி நேரமாயிற்று. கட்டைவிரலில் தோல் உரிந்ததும் அவனுடைய கட்டைவிரலாயிற்று. அதைச் சொல்லும்போது விரலை வேறு நீட்டிக் காட்டுவான்.

காஜாக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள் என்றால், அவளுக்கு வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வாயைத் திறந்தால் எங்கே போய் முடியும் என்று தெரியாததால் மூடிக்கொண்டிருந்தாள்.

கடையின் ஆண்டுவிழாவை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் தன் வீட்டில் விருந்து வைத்தான். கம்பெனி விற்பனை அதிகாரிகள், பழைய வாடிக்கையாளர்கள், உறவுக்காரர்கள் என்று நாற்பது பேர். கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு புது தட்டைத் திரை டிவி. அதன் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள், டிவியோடு இணைத்தபடி, அப்பா கொண்டுவந்த அதே வீடியோ கேம் பெட்டி. யாரோ ஒரு அதிகாரி, "சார், ஒரு தடவை ஆடிக் காட்டுங்களேன்" என்று ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணன் சிரித்தான். "எனக்கு இப்ப கழுத்து வலி, டாக்டர் குனியக்கூடாதுன்னுட்டாரு. என் தங்கச்சி ஆடுவா. நான் சொல்லிக்குடுத்ததுதான்."

காஜாக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு வருடமாக அந்த ரிமோட்டை அவள் தொட்டதில்லை. வேண்டாம் என்று தலையாட்டினாள். அண்ணி பெட்டியைத் திறந்து ரிமோட்டைக் கையில் திணித்தாள். திணித்ததும் கை தானாகவே அதைப் பிடித்துக்கொண்டது. விரல்கள் அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. பக்கத்தில் நின்ற மகளிடம் காஜாக்கா, "பாரு" என்று மட்டும் சொன்னாள். பாலிடெக்னிக்கில் படிக்கிற அந்தப் பெண் அம்மாவை அப்படி ஒரு முகத்தோடு பார்த்ததே இல்லை.

திரையில் குள்ளன் ஒரு முழ உயரத்துக்கு வந்து நின்றான். ஓடினான். முதல் குழியின் விளிம்பில் கால் விரல் தொட்டதும் அவள் அழுத்தினாள். குள்ளன் தாவவில்லை, நேராகக் குழிக்குள் போனான். போகும்போது காற்றில் ஒரு சின்ன எம்பு எம்பினான். கூட்டம் சிரித்தது. இரண்டாவது குள்ளன் அதே குழியில் விழுந்தான். மூன்றாவது முறை கொஞ்சம் முன்னதாக அழுத்திப் பார்த்தாள். குழி தாண்டியது, ஆனால் அடுத்த பாறை தலையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. ஸ்கோர் நானூற்று ஐம்பது.

"அக்காவுக்கு டச் விட்டுப்போச்சு" என்றார் ஒரு அதிகாரி.

"அவளுக்கு எப்பவுமே அவசரம்" என்றான் அண்ணன். "எனக்கே இப்ப வராதுங்க, அவள என்ன சொல்றது." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்ததை அவள் பார்த்தாள்.

கிளம்பும்போது அண்ணன் பெட்டியை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தான். "எடுத்துட்டுப் போ. வீட்ல பிராக்டிஸ் பண்ணு." நாலு பேர் முன்னால் தாராளமாகக் கொடுத்தது அது.

வீட்டில் இருந்ததும் தட்டைத் திரை டிவிதான், சின்னது. அதிலும் அதே கதை. குள்ளன் அதே குழியில் விழுந்தான். ஒரு வாரம் முயன்று முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. அந்த வாரத்தில் அவள் மனதில் ஓடியதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை அன்றைக்கு ஆடியது அண்ணன்தானோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. இத்தனை வருடம் அவன் அத்தனை உறுதியாகச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தன் ஞாபகமே தன்னை ஏமாற்றுகிறதோ என்று பயந்தாள்.

பதில் எந்திரத்தில் கிடைத்தது. அந்த மாதம் அவளுக்குக் கம்ப்யூட்டர் வைத்த புது காஜா எந்திரம் கொடுத்திருந்தார்கள். மிதியை அழுத்தினால் உடனே ஊசி இறங்காது. அரை மூச்சு யோசித்துவிட்டு இறங்கும். முதல் நாள் மூன்று சட்டை பாழானது. "மிதிக்கும் ஊசிக்கும் நடுவுல என்னமோ உக்காந்துருக்கு" என்று மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, குள்ளனை ஓடவிடாமல் நின்ற இடத்திலேயே தாவ வைத்தாள். பொத்தானின் 'க்ளிக்' சத்தம் முதலில் காதில் விழுந்தது. அப்புறம்தான் திரையில் கால் எழும்பியது. நூறு தடவை செய்து பார்த்தாள். நூறு தடவையும் படம் பிந்தியே வந்தது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மகள் போனில் தேடிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "கரெக்டும்மா. இந்த மாதிரி பழைய பெட்டியிலிருந்து வர்ற படத்த புது டிவி அப்படியே காட்டாதாம். பெருசாக்கி, சுத்தம் பண்ணி, அப்புறந்தான் காட்டுமாம். அதுக்குள்ள லேட்டாயிடுது. அந்தக் காலத்து டியூப் டிவியில வந்த உடனே காட்டிடும்."

"அப்ப என் கை சரிதான்."

"உன் கைக்கு என்ன. டிவிதான் மந்தம்."

அவளுக்கு அழுகை வந்தது. அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள்.

டியூப் டிவி எங்கே கிடைக்கும்? தொழிற்சாலை வாசலில் காவலாளி அறையில் ஒன்று இருந்தது. முன்பு கண்காணிப்பு கேமராப் படம் பார்க்க வைத்திருந்தது. புதுத் திரை வந்த பிறகு அதன்மேல் காவலாளி தன் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார். கேட்டதும், "தாராளமா கொண்டுபோ காஜாக்கா, எனக்கு எடம் கெடைக்கும். ஆனா தூக்கறதுக்கு நாலு ஆள் வேணும், மனுஷன் கனம் கனக்குது" என்றார். மேலாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, துணி ஏற்றுகிற வேனில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கணவன் வாசலிலேயே நின்று பார்த்தான். "வீட்ல இருக்கற சாமான் பத்தலையா?" என்றான். அவன் தனியார் பேருந்து டிரைவர். வீட்டில் இருக்கிற நேரம் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது அவன் கட்சி. டிவியைத் துணி தைக்கிற மூலையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் குழியை முதல் தடவையிலேயே தாண்டினாள்.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமைகள். காலையில் வேலைகளை முடித்துவிட்டு உட்காருவாள். மறந்துபோயிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தப் பாறை எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. நாலாவது ஞாயிறு மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரத்து இருநூறைத் தாண்டி, நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் நின்றது. மகள் முழுவதையும் போனில் எடுத்தாள். அவள் முகமும் கையும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்தாள்.

"மாமாவுக்கு அனுப்பட்டுமா?"

"வேணாம். நான் நேர்ல போறேன்."

போனாள். அண்ணன் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்ததால் கல்லாப் பக்கம் காத்திருந்தாள். தலைக்கு மேல் அந்தப் போட்டோ. எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்கோரை மட்டும்தான் பார்த்திருந்தாள். இன்று சும்மா நின்றதில் கண் மற்ற இடத்துக்கும் போனது. அந்தக் காலத்து டிவியின் கண்ணாடி வளைந்து முன்னால் புடைத்திருக்கும். எதிரில் இருப்பது அதில் தெரியும். சுரங்கத்தின் கறுப்பான பகுதியில் மங்கலாக ஓர் உருவம் இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ரிமோட்டோடு, இரண்டு பக்கமும் இரட்டைச் சடை. அதன் பின்னால் கேமராவைக் கண்ணில் வைத்து நிற்கிற ஒருவன்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். 

அண்ணன் வந்தான். போனில் இருந்ததைக் காட்டினாள். முழுவதும் பார்க்கவில்லை, கடைசி ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நல்லாத்தான் ஆடியிருக்க. அதுக்கென்ன இப்ப?"

"அந்தப் போட்டோவுல இருக்கறது யாருண்ணா?"

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்து போய், விரலை வைத்துக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். அவனும் அன்றுதான் அதைப் பார்க்கிறான் என்பது அவன் கழுத்தை நீட்டிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"நெழலு. எது வேணா இருக்கலாம்" என்றான்.

"ரெட்டச் சடை போட்டுக்கிட்டு நீயா உக்காந்துருந்த?"

கடைப்பையன்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. முப்பது வருஷம் ஆச்சு. அது ஒரு வெளையாட்டு. சின்னப் பசங்க வெளையாட்டு. அதப் போயி இப்ப யாராவது கிண்டுவாங்களா?"

"வெளையாட்டுதான்னா நீ ஏன் அத சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்க?"

 கல்லா இழுப்பறையை ஒருமுறை இழுத்து மூடிவிட்டு, "உங்க அண்ணிக்குத் தெரியாது" என்றான். "அவங்கப்பா அத நம்பித்தான் என்ன உள்ள விட்டாரு. இப்ப போயி நான் என்னன்னு சொல்ல? வயசான காலத்துல என் குடும்பத்தக் கொளப்பாத."

அவன் கண்ணில் உண்மையாகவே பயம் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. திமிராகப் பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். அவன் பயந்ததில் அவள்தான் தப்புச் செய்தவள் மாதிரி ஆயிற்று. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆனால் மனம் ஆறவில்லை. அடுத்த ஞாயிறு, அண்ணனும் அண்ணியும் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அம்மாவிடம் போனாள். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. காது தெளிவு, நினைவு அதைவிடத் தெளிவு.

"அன்னைக்கு யாரும்மா ஆடினது?"

"நீதான்" என்றாள் அம்மா. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அப்ப அன்னைக்கு விருந்துல எல்லாரும் சிரிச்சப்ப நீ ஏன் சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, அவதான் ஆடினான்னு."

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "போட்டோ பின்னாடி பேரு எழுதினதே நான்தான்" என்றாள். "அவன் ரெண்டு பேரையும் எழுதலாம்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

காஜாக்கா அம்மாவின் மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன் பேர எழுதியிருந்தா கடைக்காரரு ஒனக்கு நாலு கேசட்ட குடுத்துட்டு நல்லா படிம்மான்னு அனுப்பியிருப்பாரு. வேலைக்கு வான்னு கூப்பிட்டிருப்பாரா? அந்தக் காலத்துல பொம்பளப் பிள்ளைய யாரு டிவி கடையில நிக்க வச்சா? அவனுக்குன்னா ஒரு வழி கெடைக்கும்னு நெனச்சேன். கெடச்சுது. தப்பா?"

"எனக்கு?"

"ஒனக்குக் கை சுத்தம். நீ எங்க போனாலும் பொழச்சுக்குவன்னு தெரியும்." அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பொழச்சுக்கிட்டல்ல?"

அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அம்மாவின் கணக்கில் தப்பே இல்லை என்பதுதான் காஜாக்காவுக்கு விழுங்க முடியாததாக இருந்தது. சண்டை போடுவதற்கு அங்கே யாரும் இல்லை. அம்மாவின் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த வாரம் கடையில் அந்தப் போட்டோ இல்லை. கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னதாக மகள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

இன்னும் பத்து நாள் கழித்து, ஒரு வேலை நாளில், சாயங்காலம் காஜாக்கா வீட்டுக்கு வந்தபோது கூடத்துச் சுவரில் புது டிவி மாட்டியிருந்தது. சுவரில் பாதி அகலம். கணவன் அதன் முன்னால் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"ஒங்க அண்ணன் அனுப்பிச்சாரு. ஆளு வச்சு மாட்டியே குடுத்துட்டாங்க. தங்கமான மனுஷன்."

அவள் தையல் மூலையைப் பார்த்தாள். தையல் மெஷின் மட்டும் இருந்தது. தரையில் டியூப் டிவி இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி.

"அந்த டிவி எங்க?"

"பழச எடுத்துட்டுப் போயிடறோம்னாங்க. சரின்னேன். எவ்வளவு எடம் பாரு இப்ப."

"என்னக் கேக்கணும்னு தோணலயா?"

அவன் நிஜமாகவே புரியாமல் நிமிர்ந்தான். "புதுசு வந்தப்புறம் பழசு எதுக்கு?"

கடைக்குப் போன் செய்தாள். அண்ணனே எடுத்தான். குரலில் உற்சாகம் இருந்தது. மனதில் இருந்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டவனின் உற்சாகம்.

"வந்துச்சா? எப்படி இருக்கு?"

"என் டிவிய எங்க கொண்டுபோனாங்க?"

"அதுவா, அது அப்பவே ஒடைக்கப் போயிருக்கும். அதெல்லாம் வீட்ல வச்சிருக்கவே கூடாது, கண்ணுக்குக் கெடுதல். இங்க பாரு, இது ரொம்ப நல்ல மாடல். நீ வெளையாடறதுக்குன்னே பாத்து அனுப்பினேன். ரிமோட்ல செட்டிங்ஸ்ல போனா கேம் மோடுன்னு ஒண்ணு வரும். அத ஆன் பண்ணிட்டீன்னா படம் லேட்டே ஆகாது. பழைய பெட்டியக் குடுத்தாலும் அழுத்தின ஒடனே தாவும்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். படம் தாமதமாக வருவதைப் பற்றி அவனிடம் அவள் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

"அண்ணா, உன் வீட்டு டிவியிலயும் அது இருக்கா?"

"எது?"

"அந்த கேம் மோடு."

"இருக்கே. அது இதவிடப் பெரிய மாடல்."

"விருந்தன்னைக்கு அத போட்டிருந்தியா?"

கடைக்குள் ஏதோ ஒரு டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் கேட்டது. அப்புறம் அண்ணன், "கஸ்டமர் வந்துட்டாங்க, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

அவள் போனைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். கூடத்தில் யாரோ அவுட் ஆகி, கணவன் தொடையில் தட்டிக்கொண்டான். மகள் கல்லூரியிலிருந்து வந்து விஷயம் தெரிந்ததும் அப்பாவிடம் கத்தினாள். மாமாவிடம் அந்த டிவியைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றாள். அப்பா அசையவில்லை. கடைசியில் காஜாக்காதான், "விடு, சுவத்துல ஓட்ட போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனாள்.

மகள் ஒருநாள் புது டிவியில் கேம் மோடைப் போட்டு, பெட்டியை இணைத்துக் கொடுத்தாள். அண்ணன் சொன்னது உண்மைதான். ஏறக்குறைய அழுத்தியவுடன் தாவியது. காஜாக்கா இரண்டு சுரங்கம் ஆடினாள். மூன்றாவதில் குள்ளன் உயிரோடு நின்றுகொண்டிருக்கும்போதே ரிமோட்டைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு தொடவில்லை.

அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டாள் என்று சொல்வதற்கில்லை. அம்மாவின் மருந்து, மருத்துவமனை, உறவில் நல்லது கெட்டது என்று பேச வேண்டியதெல்லாம் பேசினார்கள். அடுத்த வருடம் அவன் கடையின் இரண்டாவது கிளையைத் திறந்தான். எல்லோரும் போனார்கள், அவளும் போனாள். பழைய போட்டோ அங்கே இல்லை. ஆனால் கதை இருந்தது. அந்தக் கிளையின் புது மேலாளர் கேட்க, அண்ணன் சொல்ல ஆரம்பித்தான்: கேமரா இரவல் வாங்கியது, ஜன்னலில் போர்வை கட்டியது, நாலு மணி நேரம். சொல்லிக்கொண்டே வந்தவன் கண்ணில் தங்கை பட்டாள். ஒரு நொடி தடுமாறினான். பிறகு அவள் பக்கம் கையை நீட்டி, "இவளும் பக்கத்துலயே உக்காந்துருப்பா. எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்துக்கிட்டே இருந்தா" என்று புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டான்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அண்ணி அவள் தோளைத் தட்டினாள். காஜாக்கா தட்டில் வைத்துக் கொடுத்திருந்த கேக்கைத் தின்று முடித்துவிட்டு, தட்டை எங்கே போடுவது என்று கேட்டாள்.